பல் கட்டுமுன் தாடையை அளப்பது ஏன்?

நம் தோட்டங்களில் பல் கட்டிக்கொண்ட பெரியவர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஒரு சாராரிடம் விந்தையான வழக்கம் ஒன்றைக் காண்கிறோம். கல்யாண வீட்டிற்கும் கோயில் திருவிழாவிற்கும் புறப்படும்போது பல்லை மாட்டிக்கொள்கின்றனர். பந்தியில் இலை போட்டதும் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கின்றனர். உண்பதற்கென்று கட்டிய பல், உண்ணும் வேளையில் பைக்குள் உறங்குகிறது! வேறு சிலருடைய பல்லோ லயத்து வீட்டு அலமாரியில் ஒரு பழைய டின்னுக்குள் கிடக்கிறது. கேட்டால், “போட்டால் வலிக்கிறது, பேசினால் கடகடக்கிறது, மென்றால் தூக்கிக்கொள்கிறது” என்பர். “என் வாய்க்குப் பல் ஒத்துக்கொள்ளவில்லை” என்று தம் வாயையே நொந்துகொள்வாரும் உளர்.

வாயின் மீது குற்றம் சாட்டுவதற்கு முன், அந்தப் பல் எவ்வாறு கட்டப்பட்டது என்று கேட்பது நன்று. ஈற்றின் அச்சைச் செவ்வையாக எடுக்காமற்போனால் பல் பொருந்தாது. இதை எல்லாரும் அறிவர். ஆனால், ஈற்றின் அச்சு எவ்வளவுதான் அழகாக அமைந்தாலும், கீழ்த்தாடை மேல்தாடையை எந்த உயரத்தில், எந்த இடத்தில் சந்திக்கிறது என்பதைத் தவறாகக் கணித்துவிட்டால் அந்தப் பல்வரிசையால் பயன் இல்லை. பல் மருத்துவத்தில் இதனைத் தாடை உறவு காணுதல் என்பர். பல் கட்டப் போனவர்களுக்கு மிகவும் சலிப்பூட்டும் வேலையும் இதுவே. “வாயில் மெழுகை வைத்துக்கொண்டு, மூடு, திற, விழுங்கு என்று அரைமணி நேரம் பாடாய்ப் படுத்துகிறார்கள்” என்று குறைப்பட்டுக்கொள்வர். அந்த அரைமணி நேரத்தில் நடப்பது என்ன என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ஒரு சிறு சோதனை. இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் இரு காதுகளுக்குச் சற்று முன்னால், கன்னத்தின் மேற்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். வாயை மெதுவாகத் திறவுங்கள். முதலில் விரலுக்கடியில் ஏதோ ஒன்று இருந்த இடத்திலேயே சுழல்வது போலத் தோன்றும். மேலும் அகலத் திறந்தால் அது முன்னோக்கி நழுவி இறங்கும். விரல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். சுழல்வதும் நழுவுவதும் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனையில் உள்ள குமிழ். அக்குமிழ் மண்டை எலும்பில் உள்ள ஒரு குழிக்குள் அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்த் தட்டு ஒன்று மெத்தை போல் கிடந்து, குமிழோடு கூடவே நகர்கிறது. குழிக்கு முன்னால் எலும்பு ஒரு சிறு மேடாக அமைந்துள்ளது. அந்த மேட்டின் சரிவில்தான் குமிழ் வழுக்கி இறங்குகிறது.

கதவின் கீல் திறக்கவும் மூடவும் மட்டுமே அறியும். நம் தாடை மூட்டு கீலாகவும் இருக்கிறது. இழுப்பறை போல் முன்னும் பின்னும் நகரவும் செய்கிறது. வாய் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் திறக்கும் வரை பெரும்பாலும் கீல் வேலை. அதற்கு மேல் நழுவுதலும் சேர்ந்துகொள்கிறது. நன்றாகக் கொட்டாவி விடும் ஒருவரின் மேல்வரிசை முன்பல்லுக்கும் கீழ்வரிசை முன்பல்லுக்கும் இடையே 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை இடைவெளி காணலாம்.

லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாடு அசைபோடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதன் கீழ்த்தாடை பக்கவாட்டில் செல்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி அரைப்பது போல் அரைக்கிறது. பூனையின் தாடையோ அவ்வாறு அரைக்காது. கத்தரிக்கோல் போல் மேலும் கீழும் வெட்டும், அவ்வளவுதான். எலியின் தாடை முன்னும் பின்னும் ஓடிக் கொறிக்கிறது. புல் தின்னும் பிராணிக்கும் புலால் தின்னும் பிராணிக்கும் இயற்கை வெவ்வேறு தாடையைக் கொடுத்திருக்கிறது. மனிதன் சோறும் தின்கிறான், கறியும் தின்கிறான், கரும்பும் கடிக்கிறான். ஆகவே மூன்று வித அசைவுகளும் அவனுக்கு வேண்டியிருக்கின்றன. நாம் ஒரு கவளம் மெல்லும்போது கீழ்த்தாடை நேராக இறங்கி நேராக ஏறுவதில்லை. இறங்கி, மெல்லும் பக்கமாகச் சற்று ஒதுங்கி, வளைந்து வந்து மேல்பல்லோடு சேர்கிறது. கண்ணாடி முன் நின்று மென்று பார்த்தால் மோவாய் ஒரு நீர்த்துளியின் வடிவத்தை வரைவது தெரியும்.

இவ்வளவு அசைவுகளுக்கும் திரும்பி வர ஓர் இடம் வேண்டுமல்லவா? பல் உள்ளவர்களுக்கு அந்த இடத்தைப் பற்களே காட்டிக்கொடுக்கின்றன. மேல்பல்லின் முகடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் போய் அமர்கிறது. பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் உணர்ச்சி நரம்புகள் நிறைந்துள்ளன. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் நொடிப்பொழுதில் தாடை நின்றுவிடுகிறதே, அது அந்த நரம்புகள் செய்யும் வேலை. பல்லை எல்லாம் பிடுங்கிவிட்ட பின், முகடும் இல்லை, பள்ளமும் இல்லை, அந்தச் சவ்வும் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் நிலைச்சட்டமும் போய்க் கீல் மட்டும் மிஞ்சியது போன்ற நிலை அது. தாடை எவ்வளவு வேண்டுமானாலும் மூடும். எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். பல் மருத்துவர் காண முயல்வது தொலைந்துபோன அந்த இடத்தைத்தான். அவர் அதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்கிறார். எவ்வளவு உயரம்? எந்த இடம்?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இவ்வேளையில் உங்கள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டா இருக்கின்றன? தொட்டிருக்கமாட்டா. உதடுகள் மூடியிருக்கும், பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை சிறு இடைவெளி இருக்கும். தாடைத் தசைகள் இளைப்பாறும் நிலை அது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே பற்கள் கூடுகின்றன. பல் போன பின்பும் தசைகள் இளைப்பாறும் இந்நிலை பெரும்பாலும் மாறாமல் இருப்பதால், மருத்துவர் இதையே பற்றுக்கோடாகக் கொள்கிறார். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி வைக்கிறார். உடலைத் தளர்த்தி நிமிர்ந்து உட்காரச் சொல்லி, “அம்மா” என்று சொல்லச் சொல்கிறார். ‘ம்’ என்ற ஒலியில் உதடுகள் மெல்லக் கூடித் தாடை தன் இயல்பான இடத்தில் நிற்கும். அப்போது இரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிறார். அந்த அளவிலிருந்து 2 முதல் 4 மில்லிமீட்டரைக் கழித்தால், புதிய பற்கள் கூடும்போது இருக்கவேண்டிய உயரம் கிடைக்கிறது.

வாய்க்குள் வைக்கும் மெழுகின் வேலையும் இதுவே. ஈற்றின் வடிவத்துக்கேற்ற தகட்டின் மேல், வயல் வரப்பு போல மெழுகை எழுப்பியிருப்பார்கள். பல் வரப்போகும் இடத்தில் இப்போதைக்கு மெழுகு நிற்கிறது. உயரம் கூடினால் சூடான கத்தியால் மெழுகைச் சீவுகிறார், குறைந்தால் சேர்க்கிறார். மீண்டும் வாயில் வைத்து அளக்கிறார். மேல் மெழுகு உதட்டுக்குக் கீழே எவ்வளவு தெரியவேண்டும், கண்மணிகளை இணைக்கும் கோட்டுக்கு அது இணையாக இருக்கிறதா, பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்குச் சிறகிலிருந்து காது வரை செல்லும் கோட்டோடு ஒத்துப் போகிறதா என்றெல்லாம் பார்க்கிறார். சிரிக்கச் சொல்லி மெழுகின் மேல் கோடு கிழிக்கிறார். சிரிப்பு வராவிட்டாலும் அந்நேரத்தில் சற்றுச் சிரித்து வைப்பது நல்லது. அந்தக் கோட்டை வைத்துத்தான் முன்பல்லின் நீளம் தீர்மானமாகிறது.

வெறும் 2 மில்லிமீட்டருக்காக இத்தனை பாடா என்று கேட்கலாம். பால்மரம் சீவுகின்றவர் அவ்வாறு கேட்கமாட்டார். உளி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் மரத்தில் காயம். போதாமற் போனால் மங்கில் பால் குறைவு. அந்த நுணுக்கத்தைக் கையால் அறிந்தவர்கள் நம் மக்கள். பல்லின் உயரமும் அதைப் போன்றதே. உயரம் கூடிவிட்டால் தசைகளுக்கு இளைப்பாறும் இடைவெளியே இராது. பேசும்போது பற்கள் இடித்துக் கடகடவென்று ஒலிக்கும். உதடுகள் எட்டி மூட வேண்டியிருக்கும். நாள் முழுதும் ஈறு நசுங்குவதால், புண் ஓரிடத்தில் என்றில்லாமல் பரவலாக வலிக்கும். மாலைக்குள் கன்னமும் பொட்டும் சோர்ந்துபோகும். இத்தகைய பல்லை அணிந்தவர் அதைக் கழற்றியதும் “அப்பாடா” என்று பெருமூச்சு விடுவார்.

உயரம் குறைந்தால் வலி அவ்வளவாக இராது. ஆகையால் பலர் அதைக் குறையென்றே உணர்வதில்லை. ஆயினும் மோவாய் மூக்கை நோக்கி எழும்பி, கன்னம் ஒட்டி, பத்து வயது கூடினாற்போல் முகம் மாறும். மெல்லும் வலிமை குன்றும். வாயின் இரு கோடிகளிலும் தோல் மடிந்து, அம்மடிப்பில் எச்சில் ஊறி, வெடிப்பும் புண்ணும் உண்டாகும். இப்புண்ணுக்கு எத்தனையோ களிம்பு தடவியும் ஆறவில்லை என்று வருந்துவோர் உண்டு. காளான் கிருமி, சத்துக்குறைவு எனப் பிற காரணங்களும் அதற்கு இருக்கலாம். ஆனால் மடிப்பை உண்டாக்கும் பல்லைத் திருத்தாமல் களிம்பை மட்டும் தடவினால், ஆறிய புண் மீண்டும் வரும்.

இரண்டாம் கேள்வி இதைவிடக் கடினமானது. உயரம் சரியாக இருந்தும் தாடை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு முன்தள்ளி நின்றால் என்ன ஆகும்? பல் இல்லாதவர்கள் முன் ஈற்றால் மென்று பழகியிருப்பார்கள். வெற்றிலையை ஈற்றாலேயே மென்று தீர்க்கும் பாட்டிமாரைக் கவனித்துப் பாருங்கள். கீழ்த்தாடை முன்னுக்கு வந்துதான் வேலை செய்யும். ஆண்டுக்கணக்கான இப்பழக்கத்தைத் தசைகள் எளிதில் மறப்பதில்லை. மருத்துவர் “கிகிட்” என்று மலாயில் சொன்னதும், கடிக்கத்தானே சொல்கிறார் என்று மோவாயை முன்தள்ளி மெழுகை அழுத்திக் கடித்துவிடுகிறோம். அவர் அந்த இடத்தையே பதிவு செய்துவிட்டால், பல்லும் அந்த இடத்துக்கே கட்டப்படும். வீட்டுக்கு வந்து தசைகள் தளர்ந்ததும் தாடை தன் பழைய இடத்துக்குப் பின்வாங்கும். அங்கே பல்லோடு பல் சேராது. ஒரு பல்லின் சரிவில் இன்னொரு பல் ஏறி வழுக்கும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் கீழ்ப்பல்வரிசை சிறிது நகரும். நகரும் இடமெல்லாம் புண்.

ஆகவே, குமிழ் தன் குழிக்குள் முறையாக அமர்ந்த நிலை ஒன்றை மருத்துவர் தேடுகிறார். அந்நிலைக்கு ஒரு சிறப்புண்டு. பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்று அளந்தாலும் நாளை அளந்தாலும், அதே இடத்துக்குத் தாடையைத் திரும்பக் கொண்டுவர முடியும். அதற்கு வழிகள் சில உள. நாவின் நுனியை மேல்வாயின் பின்கோடியில் தொட்டுக்கொண்டே மூடச் சொல்வார். நா பின்னே போகும்போது தாடையும் பின்னே போகும். எச்சிலை விழுங்கச் சொல்வார். பலமுறை மெல்லத் திறந்து மூடச் சொல்லித் தசைகளைக் களைப்புறச் செய்து, பிறகு மோவாயில் பெருவிரலை இலேசாக வைத்து வழிகாட்டுவார். பலங்கொண்டு தள்ளமாட்டார், தள்ளினால் தசை எதிர்த்து இழுக்கும். தலையை அண்ணாந்து பின்னே சாய்த்திருந்தாலும், கைகளால் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தாலும் தாடை தளராது. ஒருமுறை பதிவு செய்ததை நம்பாமல் இரண்டு மூன்று முறை பதிவெடுத்து, எல்லாம் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கும் மருத்துவரே நல்ல மருத்துவர். “ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார், இவருக்குத் தொழில் தெரியவில்லை” என்று வெளியே வந்து பேசுவது அறியாமை.

நம் பங்கும் இதில் சிறிதன்று. ‘கடி’ என்று அவர் சொன்னால், கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் மெல்ல மூடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ‘தெலான்’ என்றால் விழுங்கவேண்டும் என்பது நம்மவர்க்குத் தெரிந்ததே. சொன்னது புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு ஏதோ ஒருவாறு கடித்துவைத்தால், ஆறு ஏழு ஆண்டுகளுக்கு அந்தக் கடியோடுதான் வாழவேண்டும். இரவெல்லாம் கண்விழித்துவிட்டும், பசியோடும் போய் அந்த நாற்காலியில் அமராமல் இருப்பதும் நன்று.

இனி, மெல்லும்போது நடப்பதைப் பார்ப்போம். 1905ஆம் ஆண்டில் கிறிஸ்டென்சன் என்ற பல் மருத்துவர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். தாடையை முன்னே தள்ளினால் குமிழ் சரிவில் இறங்குகிறது. ஆகவே முன்பல்லோடு முன்பல் தொடும்போது கடைவாய்ப் பற்களுக்கிடையே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி விழுகிறது. சொந்தப் பல் உள்ளவர்க்கு இதனால் கேடில்லை. ஒவ்வொரு பல்லும் தனித்தனியே எலும்பில் வேரூன்றி நிற்கிறது. கட்டிய பல்லோ அப்படியன்று. பதினான்கு பற்களும் ஒரே தகட்டில். அத்தகடும் ஈரமான ஈற்றின் மேல் எச்சிலின் பிடிப்பால் மட்டுமே நிற்கிறது. முன்பல் மட்டும் இடித்தால் தகட்டின் பின்புறம் எழும்பிவிடும். இடப்பக்கம் மட்டும் இடித்தால் வலப்பக்கம் எழும்பும்.

காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்து வாளியில் மட்டும் பால் இருந்தால் கம்பு தோளில் நிற்குமா? ஆகையால், முழுப்பல்வரிசை கட்டும்போது கடைவாய்ப் பற்களைச் சற்று வளைவாக அடுக்குகின்றனர். தாடை முன்னே போனாலும் பக்கத்தே போனாலும், முன்னே ஓரிடத்திலும் பின்னே இரு புறங்களிலுமாகக் குறைந்தது மூன்று இடங்களில் பற்கள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். எல்லா வாய்க்கும் இது கட்டாயமா என்பதில் இன்றைய வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இருப்பினும், வாயை மூடும்போது இரு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் பல் கூடவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

இந்த அசைவுகளை எல்லாம் வாய்க்கு வெளியே எப்படிக் காண்பது? அதற்கென்று ஆர்ட்டிகுலேட்டர் எனும் ஒரு கருவி உண்டு. கீல் வைத்த இரு சட்டங்களில் மேல், கீழ் ஈறுகளின் சுண்ணாம்பு அச்சுகளை, மெழுகுப் பதிவின்படி பொருத்திவிடுவார்கள். பல் தொழில்நுட்பரின் மேசைமேல் அது நம் தாடையாக நின்று அசையும். 1858ஆம் ஆண்டில் போன்வில் என்ற அமெரிக்கர் தாடையெலும்புகள் பலவற்றை அளந்தார். இரு குமிழ்களுக்கும் இடையே ஏறத்தாழ 4 அங்குலம். ஒவ்வொரு குமிழிலிருந்தும் கீழ் முன்பற்களின் நடு வரை அதே 4 அங்குலம். மூன்று பக்கமும் ஒத்த முக்கோணம். அந்த அளவில் அவர் ஒரு கருவியை அமைத்தார். எல்லார் தாடையும் அந்த முக்கோணத்துக்குள் அடங்குவதில்லை என்பது பிறகு தெரிந்தது. சூரிச் நகரத்து கீசி முதலானோர், குமிழ் இறங்கும் சரிவையும் காட்டும் கருவிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தனர். சுவீடன் நாட்டுப் போசெல்ட் 1952இல், கீழ்த்தாடை செல்லக்கூடிய எல்லைகள் அத்தனையையும் ஒரு படமாக வரைந்து காட்டினார். சாதாரண மருந்தகங்களில் இன்று பயன்படுவது, சராசரி அளவில் அமைந்த எளிய கருவி. அது சராசரியை மட்டுமே அறியும். நம் வாயை அறியாது. அதனால்தான், மெழுகில் பல் அடுக்கிய பின்பு ஒருமுறை நம் வாயில் வைத்துப் பார்க்காமல் வேலையை முடிப்பதில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. இன்று பல் தாங்கும் தகடு அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. அது வழக்கிற்கு வந்தது 1937ஐ ஒட்டித்தான். அதற்கு முன் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்வரிசைகளைத் தாங்கியது ரப்பர்! ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் அது கொம்பு போல் கெட்டியாகும். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து கிளைத்தது இது. யானைத் தந்தத்தையும் தங்கத்தையும் செதுக்கியும் வார்த்தும் செல்வர்களுக்கு மட்டுமே பல் கட்டி வந்த காலம் போய், எளியவர்களும் பல் கட்டிக்கொள்ளும் காலம் வந்தது ரப்பரால்தான். அதன் காப்புரிமையை வைத்திருந்த கம்பெனி, அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் கறாராகக் கட்டணம் வசூலித்து வழக்குக்கு மேல் வழக்குத் தொடுத்தது. 1879இல் அக்கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, மனம் வெறுத்த ஒரு பல் மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் சுட்டுக்கொன்றே விட்டார். முதலில் காட்டு ரப்பர். பின்னர், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுத் தோட்டங்கள் பால் தரத் தொடங்கிய பிறகு, தோட்டத்து ரப்பர். விடியற்காலையில் நம் பாட்டனார் சீவிய பால், கடல் கடந்து எவரோ ஒருவரின் வாயில் ஈறாக அமர்ந்திருக்கவும் கூடும்.

கட்டிய பல்லிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். சொந்தப் பல்லின் வலிமை அதற்கு வராது. நான்கில் ஒரு பங்கு வந்தாலே நல்ல பல். முதற் சில வாரங்கள் கஞ்சி, குழைந்த சோறு, சிறிதாக நறுக்கிய காய் என்று தொடங்கி, இரு பக்கமும் சமமாக வைத்து மெல்லப் பழகவேண்டும். மேற்பல் பெரும்பாலும் விரைவில் நிலைத்துவிடும்; கீழ்ப்பல் அடம்பிடிக்கும். அதற்கு அமரும் இடமும் குறுகியது. நாவும் ஓயாமல் அதை முட்டும். அன்றியும், பல் பிடுங்கிய எலும்பு ஆண்டுதோறும் கரைகிறது. 1972ஆம் ஆண்டில் டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர், இருபத்தைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்ததில், கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப் போல் நான்கு மடங்கு கரைவதாகக் கண்டார். எலும்பு கரைந்தால் உயரமும் இடமும் மாறும். பத்து ஆண்டுகளுக்கு முன் பொருந்திய பல் இன்று பொருந்தாததற்கு இதுவே காரணம். புண் உண்டாகும் இடத்தில் பல்லைச் சட்டைக்காகிதத்தாலோ கத்தியாலோ தாமே ராவிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. புண் இருக்கும் இடம் ஒன்று, அதை உண்டாக்கும் பல் வேறோர் இடம் என்பதால், ராவியதும் பல் மேலும் கெடும். மருத்துவரிடம் கொண்டுபோனால் மெல்லிய வண்ணத் தாளைக் கடிக்க வைத்து, இடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் தேய்ப்பார். இரண்டு வாரத்திற்கு மேலும் ஆறாத புண்ணைப் பல்லின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாகாது. வெற்றிலையும் புகையிலையும் போடுவோர்க்கு வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மிகுதி, உடனே காட்டவேண்டும்.

கடைசியாக, காசும் நாளும் பற்றிய பேச்சு. முறையாக முழுப்பல்வரிசை கட்டப் பொதுவாக ஐந்து முறையேனும் போகவேண்டும்: ஈற்றச்சு இரு முறை, தாடை அளவு ஒரு முறை, மெழுகில் பார்ப்பது ஒரு முறை, மாட்டுவது ஒரு முறை. அதன்பின் திருத்தத்திற்கு ஓரிரு முறை. அரசாங்கப் பல் மருந்தகத்தில் கட்டணம் குறைவு. ஆனால் முறை வரும்வரை காத்திருக்க நேரும். ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம், சில வேளைகளில் ஒரு நாள் சம்பளம். இதனை நாம் சிறிதாக எண்ணவில்லை. “ஒரே நாளில் பல் கட்டித் தருகிறேன், வீட்டுக்கே வருகிறேன்” என்று சொல்லிக்கொண்டு வருகின்றவனிடம் நம் மக்கள் போய் விழுவது இதனால்தான். ஆனால் ஒரே நாளில் கட்டும் அவன் எந்த உயரத்தை அளந்தான்? எந்த மெழுகில் வைத்துப் பார்த்தான்? நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும், பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வதைக் குற்றமாக்கியுள்ளன. அவனிடம் கொடுத்த பணம் அலமாரி டின்னுக்குள் போவதைவிட, ஐந்து முறை பேருந்து ஏறுவது மலிவு என்பது நம் கருத்து. பால்வெட்டு முடிந்த பிறகு பிற்பகலில் முறை தரமுடியுமா என்று மருந்தகத்தில் முதல்நாளே கேட்டுப் பாருங்கள். தோட்ட நிர்வாகத்திடம் சந்திப்பு அட்டையைக் காட்டி விடுப்புக் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. தொழிற்சங்கத் தலைவர்களும் இதில் துணை நிற்கலாம்.

முதன்முறை போகும்போது அந்தப் பழைய பல்லையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். உடைந்திருந்தாலும், தேய்ந்திருந்தாலும், ஒருநாளும் பொருந்தாததாகவே இருந்தாலும் சரி. அதை வாயில் வைத்து அளந்தால் உயரம் எவ்வளவு குறைந்தது, தாடை எந்தப் பக்கம் போயிற்று என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும். மெழுகில் அவர் தொடங்கவேண்டிய இடமும் அதிலிருந்தே கிடைக்கும்.